அண்ணனின் சிறுநீரகங்கள்

அவசரப் பிரிவில் ஸ்கேன் கருவியைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வந்து பார்ப்பதில் அந்த டாக்டரம்மா கைதேர்ந்தவள். அதுவே அவளுக்கு வினையாகவும் போனது. சொந்தக்காரர்களில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும், "அதான் நம்ம வீட்டு டாக்டர் இருக்காளே" என்று நேரே அவளிடம் வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பெற்றவர்கள் போன பிறகு அவளை ஆளாக்கியவர் அண்ணன். இன்றும் அவள் இருப்பது அவர் வீட்டு மாடி அறையில். அண்ணன் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

அந்த அண்ணனே ஒரு மதியம் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையைக்கூட மாற்றவில்லை. கூடவே அண்ணி.

"கல்லுதான்மா. ஒரு ஊசியைப் போட்டு அனுப்பு. சாயங்காலம் வண்டி எடுக்கணும்."

அவள் ஜெல்லைத் தடவிக் கருவியை விலாவில் வைத்தாள். வலது சிறுநீரகத்தின் நடுவே, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாகக் கிளை விரிந்திருந்தது. இரத்தக் குழாயும் இப்படிக் காட்டி ஏமாற்றும். நிறம் காட்டும் பொத்தானை அழுத்தினாள். ஓடும் இரத்தமென்றால் சிவப்போ நீலமோ தெரிந்திருக்கும், ஒன்றும் தெரியவில்லை. தேங்கிய சிறுநீர்தான். கல்லென்றால் பெரும்பாலும் ஒரு பக்கம்தானே வீங்கும்? இடது பக்கம் பார்த்தாள். அங்கேயும் அதே கறுப்பு. அடிவயிற்றில் சிறுநீர்ப்பை பந்தாக உப்பிக் கிடந்தது.

பை நிரம்பியிருந்தால் நல்ல சிறுநீரகமும் லேசாக வீங்கித் தெரியும். அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடக் கூடாது.

"அண்ணா, பாத்ரூம் போய்ட்டு வாங்க. மறுபடி பார்த்துடறேன்."

போனார், வந்தார். "ஆச்சு" என்று படுத்தார். மறுபடி வைத்தாள். அதே பந்து, கொஞ்சமும் குறையாமல்.

அண்ணன் பொய் சொல்கிறார். அதைச் சொன்னால் மனைவி முன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் சிறுநீரகம் போகும். படுக்கையைச் சுற்றி இழுத்த திரைச்சீலைக்குள் மூன்று பேருக்கு நகரக்கூட இடமில்லை.

"அண்ணி, கேன்டீன்ல ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றீங்களா?"

"இதோ கையிலேயே இருக்கே" என்று அண்ணி நீட்டினாள்.

வேறு வழியில்லை. "அண்ணா, உங்களுக்கு வரலை. எவ்வளவு நாளா இப்படி?"

"வாயை மூடு." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரிடமே சொன்னார்: "மாசக்கணக்கா. சொட்டுச் சொட்டாத்தான். தங்கச்சிகிட்ட சொல்ற விஷயமா இது?"

"அடப்பாவி மனுஷா! ராத்திரியெல்லாம் எழுந்திரிச்சா சர்க்கரைன்னு நினைச்சேனே. காபியில சீனியை நிறுத்தினேனே. அப்பகூட வாயைத் திறக்கலையே!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆண் செவிலியர் ஒருவர் வந்து குழாய் பொருத்தினார். பை வடிய வடிய அண்ணன் முகம் தெளிந்தது. அவள் மூன்றாம் முறை பார்த்தாள். இடது பக்கம் வீக்கம் வற்றியிருந்தது; வலது அப்படியே இருந்தது.

"இப்ப நல்லா இருக்குன்னு சொல்லேன்மா."

"சொல்ல முடியாதுண்ணா."

பெரிய ஸ்கேனில் வலது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் சிக்கிய கல் தெரிந்தது. கல்லை எடுத்தார்கள்; சிறுநீர்ப்பையின் வாயை அடைத்து வீங்கியிருந்த புராஸ்டேட் சுரப்பிக்கும் அறுவை நடந்தது. வலது சிறுநீரகம் மட்டும் முழுதாகத் தேறவில்லை. நிர்வாகம் அவரைப் பேருந்திலிருந்து இறக்கி அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தது. அதற்கும் தங்கையைத்தான் குறை சொன்னார். பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டார். மாடியிலிருந்து இறங்க அவர் உட்காரும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தினமும் தாண்டினாள்.

தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீயும் போயிட்டா, இவர் மறைக்கிறதையெல்லாம் யாரும்மா கண்டுபிடிக்கிறது?"

கூடத்தில் அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் வெளியே வந்து, பார்த்து வைத்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்பினாள்.