சாத்திய ஜன்னல்

எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறப்பது என் வேலை, சாத்துவது அம்மாவின் வேலை. இந்த வருஷச் சித்திரை முழுக்க நாங்கள் இருவரும் வேறு வேலை பார்த்ததாக எனக்கு நினைவில்லை. காலையில் எழுந்ததும் உள்ளறை ஜன்னலைத் திறப்பேன். பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் சாத்தியிருக்கும். திரும்பத் திறப்பேன். காப்பி ஆற்றிக்கொண்டு வந்தால் மறுபடி சாத்தியிருக்கும். யார் சாத்தியது என்று விசாரிக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் என் வீட்டுக்காரர் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு பாதி நாள் கேரளாவில் கிடப்பார்.

அம்மா மாசியில் மேகமலையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வேலைக்காலம் முடிந்ததும் தோட்டத்தில் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அப்பா போய்ப் பல வருஷமாகிறது, நான் ஒரே பெண். பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு அவள் வராமல் வேறு எங்கே போவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ வந்த அன்றைக்கே நிபந்தனை போட்டாள்.

“வைகாசி வரைக்கும் பாக்குறேன். இங்கன வெக்கை ஒத்துக்கலைன்னா மேல போயிருவேன். அப்பறம் என்னையக் கொறை சொல்லக் கூடாது.”

மேலே அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. முப்பது வருஷமாக ஒரே வரிசையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். அந்த அம்மாவின் மகன் இன்னும் தோட்டத்தில் வேலை பார்ப்பதால் அவர்களுக்கு வீடு இருந்தது, அதில் ஒரு மூலை அம்மாவுக்கும் இருந்தது. எஸ்டேட்டில் கொடுத்த கறுப்புக் கம்பளியை மடித்து ஒரு ரெக்சின் பையில் திணித்து, வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பை என் தோளை இடித்தது.

மேலே அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புக்கு என்னைச் சின்னமனூர் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். பிறகு வேலை, கல்யாணம் என்று என் காலம் கீழேயே ஓடிவிட்டது. ஆக நானும் அம்மாவும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தாற்போல் இருந்தது என் பத்து வயதோடு சரி. அவள் போய்விடக் கூடாது. அந்தக் கோடையில் எனக்கு இதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஆனால் வாயைத் திறந்து ‘இரும்மா’ என்று சொல்ல வரவில்லை. எனக்கு ஜன்னலைத் திறக்கத்தான் வந்தது.

எங்களுடையது கான்கிரீட் போட்ட இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. பங்குனி பிறந்ததிலிருந்து வெயில் மாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சாயங்காலமானாலும் இறங்க மறுத்தது. ஃபேனைப் போட்டால் மேலே இருக்கும் அனலை அள்ளி நம் தலையில் கொட்டியது. அம்மா தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துப் பார்த்தாள். முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அவள் நடப்பதைப் பார்த்து நானும் நடந்தேன். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்து வாசற்படியில் முட்டிக்கொண்டதும் உண்டு. நடக்கிற நடையில் அவள் கண் ஒருமுறையாவது அந்தப் பையைத் தொட்டுவிட்டு வரும்.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு தேனிக்குப் போய் ஏர் கூலர் வாங்கி வந்தேன். ஏ.சி.யை எங்கள் வீட்டு ஒயரிங் தாங்காது. கொண்டுவந்து இறக்கிய கடைப் பையன், கூலரின் முதுகு கிழக்கு ஜன்னலைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினான்.

“அக்கா, எதுத்த சன்னலையும் தெறந்தே போட்டுருங்க. அடைச்ச ரூம்ல ஓட்டுனா புழுங்கும்.”

“ஏன் தம்பி, குளுமை வெளிய போயிராதா?” என்றார் வீட்டுக்காரர்.

“இது ஏ.சி. இல்லண்ணே. வெளிக்காத்த இழுத்து, ஈர அட்டை வழியா உள்ள விடும். உள்ள வந்தது வெளிய போனாத்தேன் அடுத்தது வரும்.”

அம்மா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் போனதும் கூலரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “தண்ணியக் குடிச்சுப்பிட்டு நாள் முழுக்கச் சத்தம் போடுது. எங்க கங்காணி மாதிரியேல இருக்கு” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரித்து அந்த மாதத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இனிப் பையை ஆணியிலிருந்து இறக்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

மறுநாளே ஜன்னல் சண்டை ஆரம்பித்துவிட்டது. அவள் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கூலரை ஓட்டினாள். நான் திறந்து விளக்கம் சொன்னேன். கடைப் பையன் சொன்னதைச் சொன்னேன். பிறகு அதையே சத்தமாகச் சொன்னேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “சரித்தா” என்பாள். நான் தலையைத் திருப்பியதும் கொக்கி விழும் சத்தம் கேட்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் என்ன பேசுவது? மலையில் அஞ்சு மணிக்கே மூடுபனி வந்துவிடும், எல்லாரும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பழக்க தோஷம் என்று நினைத்தேன். இல்லையென்றால், இங்கே ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகவே புழுங்கிச் சாகிறாளோ என்றும் நினைத்தேன். கோபம் வந்தால் எனக்கு எதுவும் நினைக்க வரும்.

நான் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து போவேன். அந்த நாட்களில் கடையில் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு சேலையை விரித்துக் காட்டும்போதே இந்நேரம் ஜன்னல் திறந்திருக்குமா, சாத்தியிருக்குமா என்று ஓடும். பச்சை கேட்டவர்களுக்கு நீலத்தை எடுத்துப் போட்டுச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் வந்து கதவைத் தட்டினால் திறக்கவில்லை. உள்ளே கூலர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளறைக் கதவைத் தள்ளினேன். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தாற்போல முகத்தில் ஆவி அடித்தது. இரண்டு ஜன்னலும் சாத்தி, மேற்கு ஜன்னலின் இடுக்கில் பழைய துணி வேறு செருகியிருந்தது. சுவரில் ஈரம் பூத்திருந்தது. அம்மா கூலருக்குப் பக்கவாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டதற்கு “ம்” என்றாள், அதுவும் தூரத்திலிருந்து வந்தது.

அக்குளில் கை கொடுத்து முன்னறைக்கு இழுத்து வந்து, வாசற்கதவை விரியத் திறந்து காற்றோட்டத்தில் படுக்க வைத்தேன். முகத்தையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்து, அவள் தானாக எழுந்து உட்கார்ந்த பிறகு உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தேன். கண் தெளிந்து “என்னத்துக்கு இப்ப இந்த ஆட்டம் ஆடுற?” என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் சேர்ந்தே வந்தது.

“ஏம்மா சாத்துன? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? செத்துக்கித்துப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? இங்கன இருக்கப் பிடிக்கலைன்னா வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதான?”

அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். நான் எதற்குக் கத்துகிறேன் என்று நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

“நீ வேகாத வெயில்ல வண்டிய ஓட்டிக்கிட்டு வருவியேத்தா. காலையிலருந்து ஓடுது, தெறந்து போட்டா அம்புட்டும் வெளிய போயிரும்ல. நீ வர்ற நேரத்துக்குக் கொஞ்சமாச்சும் இருக்கட்டும்னுதேன் சேத்து வச்சேன்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு மேலே போகும் நாட்களில், பஸ் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். பனியில் பல் கிட்டிக்க ஓடிவந்து லைன் வீட்டுக் கதவைத் தள்ளினால் உள்ளே இளஞ்சூடாக இருக்கும். “உள்ள வந்து கதவச் சாத்து, போயிரப் போகுது” என்பாள். அவள் மத்தியானமே அடுப்பைக் கூட்டி, ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைச் செருகி, அந்தச் சூட்டை எனக்காகப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். வீடு என்றால் தானாகவே சூடாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் கணக்கு மலைக்குச் சரி. சூட்டை அடைத்து வைத்தால் நிற்கும். இங்கே அடைத்து வைத்த குளுமை ஆளையே அவித்துவிட்டது. அவிந்தது அவள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க ஏ.சி. ஓடும். எனக்கு வெயில் என்பது கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள ரோடு மட்டும்தான். அதை அன்றைக்கு அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் கடைக்குப் போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் உள்ளறையை விரியத் திறந்து கூலரை ஓட்டினேன். சேலை ஓரத்தில் கிழித்த துணி நாடா ஒன்றை மேற்கு ஜன்னல் கம்பியில் கட்டினேன். நாடா வெளிப்பக்கமாக நீண்டு பறந்தது. அம்மா ஜன்னலருகே வந்து உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.

“போகுதே” என்றாள். அவள் குரலில் அத்தனை வருத்தம்.

“போகட்டும்மா. போனாத்தேன் வரும்.”

“அப்ப இதச் சேக்கவே முடியாதா?”

“முடியாது. ஓடுறப்ப பொட்டிக்கு முன்னால உக்காரணும். அம்புட்டுதேன்.”

“என்னத்தப் பொட்டியோ” என்றாள். ஆனால் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றியில் காற்றுப் பட்டு அவள் நரைமுடி பறந்தது. கொஞ்ச நேரம் இருவருமே எழுந்து நடக்கவில்லை.

இதோடு எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மலையிலிருந்து போன் வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை சிநேகிதி சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறாள், திரும்பும்போது அம்மாவையும் கூட்டிப்போகத் தயார். “மத்தியான பஸ்ஸுக்கு வந்துரு” என்று அந்த அம்மா சொன்னது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. அம்மா “பாப்பம்” என்று வைத்துவிட்டாள். என்ன ‘பாப்பம்’ என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் புறப்படும்போது, “அத்தை, நான் திரும்பி வர்றப்ப இருப்பீகள்ல?” என்று கேட்டுப் பார்த்தார். “பத்திரமாப் போய்ட்டு வாங்க மாப்ள” என்று அவரையும் அனுப்பிவிட்டாள். விடாக்கண்டன் வீட்டில் கொடாக்கண்டன் என்றால் அது அம்மாதான்.

அதற்குள் வைகாசி பிறந்து, கம்பம் பக்கமிருந்து மேல்காற்று கிளம்பிவிட்டது. எங்கள் ஊரில் காற்றுக்காலம் வந்தால் திறந்து போட்ட கதவும் ஜன்னலும் அடித்துக்கொண்டே கிடக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் மேற்கு ஜன்னல் படார் படாரென்று சாத்திக்கொண்டது. நான் நாலு தடவை போய்த் திறந்தேன். கிளம்பும்போது பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்றைக்கும் போல் தோளில் இடித்தது. ‘போறியாம்மா?’ என்ற கேள்வியை வாய்க்குள்ளேயே மென்றுகொண்டு வண்டியை எடுத்தேன்.

கடையில் நான் மனுஷியாக இல்லை. கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எதிர்க்காற்றில் ஸ்கூட்டி நகர மறுத்தது. சின்னமனூர் போகிற பஸ் ஒன்று என்னை முந்திப் போனது. ஜன்னலோர முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒரு ஆட்டோவில் மோதப் பார்த்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தேன். பின்னால் ஆணி மட்டும் இருந்தது. பை இல்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளறைக்குப் போனேன். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வெளியே காற்று அப்படி வீசியும் ஜன்னல் கதவு ஆடவில்லை. அதற்கும் சுவருக்கும் நடுவே எஸ்டேட் கம்பளி நாலாக மடித்து இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த வெங்காயம் அந்த ரெக்சின் பையின் மேல் கிடந்தது.

“காத்து சாத்திக்கிட்டே கெடக்குதுத்தா. நீ வர்றப்ப தெறந்து இருக்கணும்ல.”

“நல்ல கம்பளிம்மா. வேற துணியா கெடைக்கல?” என்றேன்.

“மேல போறவகளுக்குத்தேன் கம்பளி வேணும். எனக்கு எதுக்கு?” என்றாள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “வேர்த்துக் கெடக்க. வா, வந்து பொட்டிக்கு முன்னால உக்காரு.”