வள்ளத்துக்கு மேலே விமானம்

சுனாமி எங்கள் தோணியைக் கொண்டுபோன பிறகு, உதவிக்கென்று மாங்கேணிக்கு வந்தவர்கள் எங்களுக்கு ஒரு பைபர் வள்ளம் தந்தார்கள். அது ஆழக்கடலுக்குச் செய்த வள்ளம். நாங்களோ ஆழமில்லாத களப்புத் தண்ணியில் இறால் பிடிக்கிறவர்கள். முதல் நாளே சேற்றில் தட்டி நின்றுவிட்டது. செய்யுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிறகு சண்டை மூண்டது. பதுங்கிக்கொள்ள வீட்டு வளவில் பங்கர் குழி வெட்டினோம். மேலே அடுக்க மரக்குற்றி கிடைக்கவில்லை. என் புருசன் அந்த வள்ளத்தையே குழிக்கு மேல் கவிழ்த்து மண்ணைக் கொட்டினார். குண்டு போடுகிற கிபிர் விமானம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அதற்குள் குந்தியிருந்தோம்.

யுத்தம் முடிந்த வருடம், பக்கத்து வீட்டு டிவியில் ஒரு செய்தி. ஏதோ ஒரு பெரிய நாடு விமானம் தாங்கிக் கப்பல் கட்டத் தொடங்குகிறதாம். வருடக்கணக்காகத் திட்டம் போட்டார்களாம். எந்தக் கடலில் ஓடும், எவ்வளவு ஆழம் வேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டு வரைந்தார்களாம். முதல் இரும்புக்கு மாலைகூடப் போட்டார்கள்.

"கப்பலுக்கு மேல விமானம் நிக்குமாம், பாத்தியா?" என்று புருசன் வாயைப் பிளந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கட வள்ளத்துக்கு மேலயும்தான் விமானம் வந்தது," என்றேன். "கீழ நம்மட புள்ளைகள் இரிந்ததுகள்."