மடங்காத முழங்கால்

நகைக்கடையில் அவரைக் 'கதவு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் அவர் காவலுக்கு நின்றால் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கதவு தெரியாது. இருபது வயதில் ஜிம்முக்குள் நுழைந்தவர், அறுபதை நெருங்கியும் அதை விடவில்லை. நெஞ்சு, தோள், புஜம். அதற்குக் கீழேயும் ஓர் உடம்பு இருக்கிறது என்பதை மனுஷன் மறந்தே போனார் என்பாள் அவர் மனைவி. நடப்பது, குனிவது, கைகாலை நீட்டி மடக்குவது எல்லாம் அவருக்குக் கிழவர்கள் சமாச்சாரம். "வாசல்ல நிக்கிறவனுக்கு சைஸ்தான் சோறு போடுது," என்பார்.

அந்த சைஸுக்கு அவள்தான் ஊழியம் செய்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். காலையில் அவருடைய சட்டையின் இரண்டாவது கையை அவள்தான் மாட்டிவிட வேண்டும். அவர் கை பின்னால் போகாது. ஷூ கட்டுவதும் அவள்தான், கால் நகம் வெட்டுவதும் அவள்தான். "உங்க காலை நீங்க பார்த்து எத்தனை வருஷமாச்சு? கவலைப்படாதீங்க, ரெண்டும் இருக்கு," என்பாள். சில நாள் சிரிக்காமலும் சொல்வாள்: "கொஞ்சம் குனிஞ்சு நிமிருங்களேன். நான் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"நீ எங்க போகப்போற?"

கடையில் அவருக்கு விடுமுறையான ஒரு நாள் மதியம் குளியலறையில் தடால் என்று சத்தம் கேட்டது. ஓடினார். சோப்புத் தண்ணீரில் வழுக்கி, சுவருக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் நடுவே அவள் கிடந்தாள். ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க, இடுப்பு..."

கையை நீட்டினார். எட்டவில்லை. முழங்கால் பாதிக்கு மேல் மடங்க மாட்டேன் என்றது, முதுகு பிடித்துக்கொண்டது. பெஞ்சில் மல்லாந்து படுத்து அவர் தூக்கும் எடையில் அவள் பாதிகூட இருக்க மாட்டாள். ஆனால் அவள் தரையில் அல்லவா கிடந்தாள். வாஷ்பேசினைப் பிடித்து மெல்ல இறங்கப் பார்த்தார். ஈரத்தில் பாதம் சறுக்கி, கதவை உள்ளே சாத்திக்கொண்டு அவள் பக்கத்தில் பொத்தென்று விழுந்தார்.

அந்த வலியிலும் அவள் கேட்டாள்: "தூக்க வந்தீங்களா, துணைக்குப் படுக்க வந்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு எழப் பார்த்தார். புரண்டார், கையை ஊன்றினார், சுவரை உதைத்தார். மல்லாத்திப் போட்ட ஆமை மாதிரி அதே இடத்தில்தான் கிடந்தார். போன் தையல் மெஷின் மேல் இருந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினார். பக்கத்து வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் முதலில் முனகினாள், அப்புறம் முனகலும் நின்றுவிட்டது. அவள் கை மட்டும் எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து, வழக்கம்போல் எட்டிப் பார்க்க மகள் வந்தாள். தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்தாள். குளியலறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. அவர் அதை அடைத்துக்கொண்டு கிடந்தார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்க!"

"முடியலம்மா..."

ஆள் கூப்பிட்டுக் கதவைப் பெயர்த்து எடுத்தார்கள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. ஈரத்தில் அத்தனை நேரம் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, அவள் எழுந்து நடக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்த பிறகு அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பிசியோதெரபி செய்ய வந்த பெண் காட்டிக்கொடுத்தாள்: முழங்காலை மடக்கி, நோயாளியை அணைத்து, அப்படியே திரும்ப வேண்டும். அவர் முயன்றார். திரும்பும்போது இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அவள் நழுவி அலறினாள். அன்றிலிருந்து அவர் கிட்டே போனாலே அவள் உடம்பு விறைத்துக்கொண்டது.

"நீங்க வேணாங்க. நம்ம பொண்ணு வரட்டும்."

ஒரு நாள் அவர் பிசியோதெரபி பெண்ணிடம் தனியாகக் கேட்டார். "எனக்கு ஏதாவது வழி இருக்காம்மா?"

"இருக்கு சார். எடை தூக்கறதை விட்டுடாதீங்க, இந்த வயசுல தசை வேணும். நெஞ்சுக்குக் குறைச்சுட்டு, காலுக்கும் இடுப்புக்கும் முடிஞ்ச அளவு நல்லா மடக்கிச் செய்யுங்க. தினம் நடங்க. மெதுவாத்தான் வரும்."

"எவ்வளவு மெதுவா?"

"வருஷக்கணக்கா ஏறின இறுக்கம் சார்."

அவருக்குப் பொறுக்கவில்லை. தன் உடம்பின் மேலேயே ஆத்திரம். ஜிம்மை அடியோடு விட்டார். வீட்டில் ஒவ்வொரு ஸ்டூலாகத் தேடி, இதைவிடக் குள்ளம், அதைவிடக் குள்ளம் என்று உட்கார்ந்து எழுந்து பார்த்தார். முழங்கால் கொஞ்சம் இறங்கிக்கொடுத்து, அப்புறம் அடம்பிடித்தது. அதற்குள் புஜம் தளர்ந்து, சட்டை தொளதொளத்தது. கடையில் வாசலுக்கு வேறு ஆளைப் போட்டு, இவரைக் கேமரா அறைக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நாற்காலி. முழங்காலில் தளர்ந்த கொஞ்சமும் மறுபடி இறுகிப்போனது.

தூக்கித் தூக்கி மகளுக்கும் முதுகு போனது. "அம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்பா. அங்க உங்க மாப்பிள்ளையும் கை கொடுப்பார்."

"நானும் வரேன்."

மகள் தயங்கினாள். "மாடி ஏறணுமேப்பா. தினம் எப்படி?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனார். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பக்கவாட்டில் ஏறி, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கிப் போய்ச் சேருவார்.

அப்படி ஒரு நாள் போனபோது அவள் அவர் கையைப் பார்த்தாள். "என்னங்க இப்படி இளைச்சிட்டீங்க?"

"நீதானே எப்பவும் திட்டுவ, இந்த சைஸைக் கட்டிட்டு அழறேன்னு."

"நான் குனியத்தானே சொன்னேன்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சற்று நேரத்தில் அவள் மடியிலிருந்த மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அவர் எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார்.

"விடுங்க," என்றாள். "அவ வந்து எடுப்பா."

அவர் மகளைக் கூப்பிட்டார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.