பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

விஜயதசமியன்று காலை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறியபோது என் சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதற்குள் ஓர் இயங்குதளம், நிறுவுவதற்கு ஆயத்தமாக. ஓய்வுபெற்ற பிறகு சிலர் கோயில் சபையில் சேர்கிறார்கள். நான் உறவினர்களின் கணினிகளைத் துடைத்தழித்துப் புதிதாக்குகிறேன். இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவு அதிகாரம் கிடைக்கிறது.

என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு மச்சாள், வெள்ளவத்தை மாடிவீடொன்றில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். பிறப்பு, விவாகம், மரணம் எதுவானாலும் ஆங்கிலமாக்கி முத்திரை குத்திவிடுவாள். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கணினிப் பெட்டியையும் வைத்திருக்கிறாள். பூசை முடியும்வரை தொடக்கூடாது. அன்று காலை எடுத்துப் போட்டால், இயங்குதளம் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி.

"சிஸ்டம் விழுந்திட்டுது அத்தான். புதுசாப் போட்டுத் தாங்கோ," என்று தொலைபேசியில் சொன்னாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் வத்தளையிலிருந்து வந்த ஒருவர் மடியில் கோப்புடன் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளுக்கு மறுநாள் காலை மாணவர் விசா நேர்முகம். பதினொரு பத்திரங்கள் மொழிபெயர்த்து முடிந்து, அச்சிடுவதற்காக அந்தப் பெட்டிக்குள் காத்துக் கிடந்தன. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் திருப்பி அனுப்பி முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

பென்டிரைவைச் செருகினேன். நிறுவும் திரை ஒழுங்காக வந்தது. எங்கே நிறுவுவது என்ற கட்டத்தில் மட்டும் பட்டியல் காலி. டிஸ்க் எதுவும் இல்லையாம், டிஸ்க்கை அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை ஏற்றட்டுமாம்.

எனக்கு உற்சாகம் பிறந்தது. வேலை செய்துகொண்டிருந்த டிஸ்க் இரண்டு நாள் சும்மா இருந்ததற்காகவா காணாமற்போகும்? பென்டிரைவை வேறு துளையில் செருகிப் பார்த்தேன். அதிலிருந்த டிரைவர்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். பட்டியல் அசையவில்லை.

"ஐயா, டிஸ்க்கு ஆம்புடுங்களா?" என்று வத்தளைக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"ஆம்பிட்டால் போதும். பழசெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு அரை மணித்தியாலத்தில முடிச்சிடுவன்."

"அழிக்கவோ?" மச்சாள் குசினி அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்தாள். "அத்தான், இவற்ற பத்திரம் பதினொண்டும் அதுக்குள்ளதான்!"

"வேற பிரதி இல்லையோ?"

"இல்லை."

"வேணாங்கய்யா, கைய எடுங்க," என்றார் அவர். எடுத்தேன்.

முதலில் செய்திருக்க வேண்டியதை அதன் பிறகுதான் செய்தேன். கணினியை மீண்டும் எழுப்பி, இயங்குதளத்துக்கும் முன்னே விழிக்கும் பயோஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கும் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் வெறுமை. பயோஸுக்கே தெரியாத டிஸ்க்கை எந்த டிரைவராலும் கண்டுபிடிக்க முடியாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே தூசியே இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியில், அப்படி ஒன்று இருக்குமானால், காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். பக்கத்தில் அதன் தரவு வயர் பாதி கழன்று நின்றது.

"இதை ஆர் திறந்தது?"

"நான்தான். தூசி தட்டிப்போட்டுப் பொட்டு வச்சனான். வயர் மறைச்சுது, கொஞ்சம் இழுத்தனான்."

"பொட்டை வெளியில வச்சால் போதாதோ?"

"வெளியில வெறும் தகரம்தானே அத்தான். எழுத்தெல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு?"

பூசை முறையில் அதற்கு மறுப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வயரை அழுத்தினேன். 'டிக்' என்றது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை இயக்கியதும் அவளுடைய பழைய திரை அப்படியே வந்தது. பதினொரு பத்திரங்களும் அச்சாகி, முத்திரை பெற்று, வத்தளைக்காரரின் கோப்புக்குள் போயின. அவர் மச்சாளைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "நல்ல வேள, ஒங்களுக்கு ஆம்புடல," என்றார்.

சரியான மதிப்பீடு. அந்த வயர் இருந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கு வேலையே வந்திராது. ஆனால் நான் ஏற்றிய டிரைவர்களில் ஒன்று பலித்திருந்தால், பதினொன்றும் போயிருக்கும்.

"பொட்டைத் துடைக்கட்டோ?" என்று மச்சாள் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். சந்தனம் பூசிய இடத்தில் டிஸ்க்கின் சூடு குறைகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். குறையவில்லை.

பிறகு அவளுடைய கோப்புகளுக்குப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். பென்டிரைவில் இடம் போதவில்லை. அன்று நான் அழித்தது ஒன்றே ஒன்றுதான்: நிறுவுவதற்காகக் கொண்டுபோன அந்த இயங்குதளம்.