கம்பி கட்டிய பல்லும் மேற்கே சூலமும்

பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த நாளிலிருந்தே என் முன்பற்கள் நான்கும் உதட்டுக்கு வெளியே நின்று ஊர் பார்க்கும். வீட்டில் இரண்டு அண்ணன்கள். மழை வந்தால் முதலில் நனைவது தங்கச்சி பல்தான் என்பான் ஒருவன். இவள் இருக்கும்போது தேங்காய்த் துருவி எதற்கு என்பான் இன்னொருவன். நானும் லேசுப்பட்டவள் இல்லை, சொன்னவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் ஓய்வேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் கை, காலேஜில் கைக்குட்டை, புடவை கட்டத் தொடங்கியதும் முந்தானை. எனக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். நாளில் பாதி நேரம் ஒரு கையை வாய்க்குக் காவல் வைத்தால் எரிச்சல் வருமா வராதா? எதையும் வைத்து மூடாமல் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் போதும். வேலை நிரந்தரமானதும் பல்லுக்குக் கம்பி கட்டப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வது, கல்யாணத்துக்கு நிற்கிற பெண் வாயில் கம்பியோடு அலைந்தால் எவன் வருவான் என்பது அவள் கவலை. அப்பா, “உன் பல்லு, உன் சம்பளம்” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

பல் பிடுங்க மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். நேராக்கத் தெரிந்தவர் என்று எனக்கு விசாரித்துக் கிடைத்தவர் ஒருவர்தான். கோச்சடையில் வீட்டோடு சேர்ந்த க்ளினிக், கம்பி வேலைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும். என் வாயைத் திறந்து பார்த்தவர் ரசித்துப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் பல் சீக்கிரம் நகரும், எனக்கு ஒன்றரை வருஷமாவது ஆகும் என்றார். மாதம் ஒருமுறை வந்து கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும், அவசரப்பட்டு அடிக்கடி முறுக்கினால் பல்லின் வேர் கெட்டுவிடும், எலும்புக்கும் பழகிக்கொள்ள நேரம் வேண்டும் என்று விளக்கினார். முறுக்கு, கரும்பு, கடலைமிட்டாய், கொய்யாக்காய் எதையும் தொடக்கூடாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இடத்துக்காகப் பக்கத்துப் பற்கள் சிலவற்றைப் பிடுங்கினார்கள். பிறகு கடைவாய்ப் பற்களில் மோதிரம் மாதிரி வளையம் மாட்டி, முன்னால் கம்பியை ஓட்டினார்கள். முதல் இரண்டு நாள் ரசம் சாதத்தை விழுங்குவதே பெரும்பாடு. எக்ஸ்சேஞ்சில் ‘நம்பர் ப்ளீஸ்’ சொன்னால் காற்றுதான் வந்தது. உசிலம்பட்டியிலிருந்து டிரங்க் கால் போட்ட ஒரு பெரியவர், “ஏத்தா, சளியா? சுக்குக் கசாயம் வச்சுக் குடி” என்றார். ஸ்விட்ச்போர்டு வயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், முந்தானைக்குள்தான்.

அந்த வெள்ளிக்கிழமைகள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு சாயங்காலம். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம், ஊர் முடிந்ததும் வயல் வாசம். திரும்பும்போது ஓட்டலில் சாம்பாரில் ஊறிய இட்லி. வாய் வலித்தாலும் மனசு பறக்கும்.

ஒரு குறைதான். போகிற ஒவ்வொரு முறையும் கடைவாய் வளையம் ஒன்று கழன்றிருக்கும். டாக்டர் அதை ஒட்ட வைத்து அனுப்புவார், அந்த மாத முறுக்கல் தள்ளிப்போகும். கரும்பு கடித்தீர்களா என்பார். சத்தியமாக இல்லை என்பேன். முறுக்கா என்பார். கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்பேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரியும். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். ஒட்டத் தெரியாதவர் என்று வீட்டில் வந்து அவரை நான் திட்டுவேன்.

ஒருநாள் கொக்கி ஊசியால் கம்பிக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு துணுக்கை எடுத்து என் கண்ணுக்கு நேரே காட்டினார். “இது என்னம்மா?”

“வெல்லம் டாக்டர். அது சாப்பிடலை. சூலத்துக்கு.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். எங்கள் வீடு தெப்பக்குளம் பக்கம். கோச்சடை எங்களுக்கு நேர் மேற்கு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், கிளம்பினால் காரியம் கெடும். பரிகாரம் வெல்லம். காலெண்டர் பார்க்காமல் அம்மா வாசற்படி தாண்ட விடமாட்டாள். நான் செருப்பு மாட்டும்போது அச்சுவெல்லத்தில் ஒரு பெரிய துண்டை வாயில் போடுவாள், பஸ் போய்விடுமே என்று கடைவாயில் வைத்துக் கடகடவென்று நொறுக்கிவிட்டு ஓடுவேன். அவர் சொன்ன பட்டியலில் இருந்தவை தின்பண்டங்கள். இது பரிகாரம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பானகமாக் கரைச்சுக் குடிச்சா சூலம் ஏத்துக்காதாம்மா?” என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப யோசித்து, ஏற்றுக்கொள்ளும் என்று தீர்ப்பளித்தாள். அதற்குப் பிறகு வளையம் ஒருமுறைகூடக் கழலவில்லை. ஆனால் வெல்லத்தில் போன மாதங்கள் போனவைதான். அடுத்த வருஷம் ஐப்பசியில் கழற்ற வேண்டிய கம்பி மாசி வரை இருக்கும் என்றார்.

வருஷம் திரும்பி, கம்பி வாயிலேயே இருக்கும்போதுதான் வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலூரில் கம்பியை வளைத்து ஸ்பிரிங் செய்யும் சின்னக் கம்பெனி, கூட்டாளியோடு நடத்துகிறார். ஆவணியில் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அம்மா அந்த மாதம் என்னோடு கோச்சடைக்கே கிளம்பி வந்துவிட்டாள். ஒருநாள் மட்டும் கழற்றிவிட்டு மறுபடி மாட்ட முடியுமா என்று கேட்டாள். அது பூட்டுச் சாவியில்லை என்றார் டாக்டர். அப்படியானால் மொத்தமாகவே எடுத்துவிடுங்கள், முக்கால்வாசி உள்ளே போய்விட்டது, இது போதும் என்றாள் அம்மா. பாதியில் எடுத்தால் பல் பழைய இடத்துக்கே நடையைக் கட்டிவிடும் என்று சொல்லிவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார். “பல்லு உங்களோடது. நீங்க சொல்லுங்க.”

அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. நல்ல இடம், போய்விட்டால் அடுத்தது எப்போது வருமோ. ஆனாலும் திரும்ப முந்தானைக்குள் போய் உட்கார எனக்கு மனசில்லை.

“இருக்கட்டும் டாக்டர். முழுசா முடியட்டும்.”

பஸ்ஸில் அம்மா என் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும், அவர்கள் வரும்போது வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மட்டும் சொன்னாள்.

வந்தார்கள். எதைக் கேட்டாலும் தலையாட்டினேன். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னதிலேயே கம்பி பளிச்சிட்டிருக்கிறது. வாயில் என்னம்மா என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. நான் வாயெடுப்பதற்குள் எங்கள் அம்மா, அது சும்மா, அடுத்த மாதம் கழற்றிவிடுவார்கள் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லைங்க, மாசி வரைக்கும் ஆகும். மாசத்துக்கு ஒருவாட்டி போய் முறுக்கிட்டு வரணும். கழட்டின பெறகும் பல்லு நகராம இருக்க ராத்திரிக்கு ஒரு தட்டு மாட்டிக்கிறணும்.”

அம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள். அதுவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

“அந்தக் கம்பி எத்தனை கேஜுங்க?”

அவருடைய அம்மா அவர் தொடையில் கிள்ளினார். எனக்கு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. கம்பி, வளையம், பல் எல்லாம் தெரியச் சிரித்தேன். அவரும் சிரித்தார், அப்புறம் அப்பா, கடைசியில் அம்மாவும். அவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுக்கும்போதுதான் உறைத்தது, என் இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்திருக்கின்றன.

கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. கம்பியோடுதான் மணையில் உட்கார்ந்தேன். போட்டோக்காரர் வாயை மூடிச் சிரிக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூட வந்தார். கம்பி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இழுவை தாங்கும் என்று டாக்டரைக் குடைந்தெடுத்தார். வெட்டிப்போட்ட ஒரு துண்டை வாங்கி, கம்பெனியில் வைத்து வளைத்துப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார்.

மாசியில் கம்பியைக் கழற்றினார்கள். வாய் வழவழவென்று யாருடையதோ போல இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து, சிரித்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். நான்கு பல்லும் வரிசையில் ஒழுங்காக நின்றன, அழகாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக எதற்காகப் போய் வந்தேனோ, அந்தச் சிரிப்பைத்தான் நான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஆவணியிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தேன்.