நாற்பதின் வண்டியில் நான் அடைத்த ஓட்டை

நாற்பதுக்கு நான் ஒரு என்ஜின் கடன்பட்டிருந்தேன். பணமாகச் சொன்னால் பதினெட்டாயிரம். ஒன்பது வருஷம் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் வாடகைக் கார் ஓட்டியவன். ரோடு காலியாகக் கிடந்தாலும் நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. அதனால் நாற்பது என்று பெயர். சவாரிக்காரர்கள், "இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்வான். பதினோரு வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கிய சொந்தக் கார்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து வண்டிக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். தகரக் கொட்டகையில் தொடங்கி, எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பை நானே கட்டினேன். இந்தப் பெருமைதான் அவன் வண்டியைத் தின்றது.

ஒரு நாள் அவன் காரில் வாட்டர் பம்பு சொட்டியது. பெல்ட் சுற்றினால் பம்புக்குள் இருக்கும் சின்ன விசிறி சுழன்று, தண்ணீரை என்ஜினுக்கும் ரேடியேட்டருக்குமாக ஓடவிடும். அந்த ஓட்டம் நின்றால் என்ஜின் வெந்துபோகும். புதுப் பம்புக்கு அவனிடம் காசில்லை. "என் கை பட்டா பம்பு மாத்தாமலே நிக்கும்டா" என்றேன். பம்பின் அடியில் ஒரு சிறு ஓட்டை. சொட்டு வந்தது அங்கிருந்துதான். வார்ப்பில் விழுந்த சொத்தை என்று நினைத்துப் பசை வைத்து அடைத்தேன். சொட்டு நின்றது. கூலிகூட வாங்கவில்லை.

இருபதாம் நாள் நடுரோட்டில் பம்பின் பேரிங் நொறுங்கி, பெல்ட் தெறித்து, என்ஜின் இறுகிப்போனது. கயிறு கட்டி இழுத்து வந்தான். "ரேடியேட்டர்ல தண்ணி பாக்காம ஓட்டியிருப்பே" என்றேன். பார்த்தேனே என்று முனகினான். நான் குரலை உயர்த்தியதும் அடங்கிவிட்டான். வேறு என்ஜின் போடப் பதினெட்டாயிரம் ஆகும். அவ்வளவு பணம் இல்லாததால் காரை எடைக்குப் போட்டுவிட்டு, மறுபடி அடுத்தவன் வண்டிக்கே போனான்.

அதுவரை நான் மாட்டியதெல்லாம் உடைசல் கடைப் பம்பு. அந்த ஓட்டையில் சேறு இறுகிக் கிடக்கும்; கண்ணில் படாது. இரண்டு மாதம் கழித்து முதல்முறையாகப் புதுப் பம்பு வாங்கினேன். அதிலும் ஓட்டை. ஓட்டைச் சரக்கை என் தலையில் கட்டுகிறாயா என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் இன்னும் மூன்று பெட்டிகளைப் பிரித்துக் காட்டினார். மூன்றிலும் ஓட்டை.

"தண்ணியையும் பேரிங்கையும் பிரிக்கிறது சீல்ங்கிற வளையம், மாஸ்டர். அது தேஞ்சா, தண்ணி பேரிங்குக்குள்ள போகாம இந்த வழியாச் சொட்டும். பம்பை மாத்துன்னு அர்த்தம். எவனாவது மடையன்தான் இதை அடைப்பான்" என்று சிரித்தார்.

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் என்ற பெயர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவனோ பார்க்கிற டிரைவர்களிடமெல்லாம், காலையில் தண்ணீர் பாருங்கள், என்னை மாதிரி ஆகாதீர்கள் என்று புத்தி சொல்லித் திரிந்தான். வீட்டில் அவன் பெண்டாட்டி அவனுக்கு வைத்த பட்டம், 'தண்ணி பாக்காத மகராசன்'.

போன மாதம் அவன் முதலாளி, பழைய வேனைத் தவணைக்கு எடுத்துக்கொள் என்றாராம். வேண்டாம் என்றுவிட்டான். ஏன்டா என்று கேட்டேன்.

"ஒரு வண்டியைக் கொன்னவனுக்கு இன்னொன்னு எதுக்குண்ணே?"

மறுநாள் பணத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பசை, ஓட்டை, கடைக்காரர் சிரித்தது, எல்லாவற்றையும் அவள் காதுபடவே சொன்னேன்.

"அப்போ அன்னைக்கு நான் தண்ணி பாத்தது நெசந்தானே?" என்று என்னைக் கேட்டான், ஆனால் பார்த்தது அவளை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"அப்படி வச்சிட்டுப் போனா அது தர்மம்ணே. கடன்னா அவர் கையில எண்ணிக் குடுங்க" என்றாள் அவள்.

அவன் கையை நீட்டினான். நின்றபடியே ஐந்நூறு ஐந்நூறாக முப்பத்தாறு தாள்களையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.