பார்க்கப் போனவள் செய்த சுத்தம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஐந்து, பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போனது இரண்டு. எழுத்தில் என் பெயரும் எண்களும்தான் தெரியும். அதை வைத்தே ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரியின் சீட்டு அறையில் ஆயா வேலையை முழுசாகப் பார்த்து முடித்தேன். கண்ணை மூடினால் இன்றும் அந்த இரும்பு இழுப்பறைதான் தெரிகிறது.

நோயாளிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு சீட்டு. விவரம் மாறினால் புதுச் சீட்டு எழுதிச் செருகுவார்கள். பழையதைச் சிவப்பில் அடித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். அவை சேர்ந்தால் இழுப்பறை திறக்காது. அதனால் யார் எதற்குத் திறந்தாலும் அடித்ததையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் மூட வேண்டும் என்று நான் சட்டம் வைத்திருந்தேன். என்னைப்போல் எவளும் சுத்தமாக வைக்க முடியாது என்று எனக்கு ஒரு திமிர்.

ஒருநாள் காலையில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த குழந்தையோடு நெமிலிச்சேரியிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். ஏதோ ஓர் ஊசி அதற்கு ஒத்துக்கொள்ளாது, சீட்டில் எழுதியிருக்கிறது என்றாள். ஊசியின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் காத்திருந்தார். நான் இழுப்பறையைத் திறந்தேன். பழகிய கை சும்மா இருக்குமா, அடித்த சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னாமே, பாக்க வந்தியா, பெருக்க வந்தியா?" சீட்டு அறை சார் என் கையைத் தட்டிவிட்டு, வேண்டிய சீட்டை உருவிக்கொண்டு ஓடினார். குழந்தை பிழைத்தது.

தப்பு என்னுடையது. ஆனாலும் திரும்பி வந்தவரிடம் மல்லுக்கு நின்றேன். "பெருக்காம உட்டா ரொம்பிடும் சார். அப்பால எந்த சீட்டும் கெடைக்காது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ, பாக்க வர்றவங்க நாலு எடுத்தா போதும். நாலோட உட்டுடு. மாத்தி எழுத வர்றவன் மீதிய எடுக்கட்டும்."

போன வாரம் பருத்திப்பட்டு வீட்டில் பேத்தி கணினியை மூடிவிட்டு நிம்மதியாகச் சிரித்தாள். அவள் வேலையில் பார்க்கும் டேட்டாபேஸிலும், அதாவது கணினிக்குள் இருக்கும் சீட்டு இழுப்பறையிலும், மாற்றிய விவரத்தின் பழைய பிரதி அங்கேயே கிடக்குமாம். "சும்மா படிக்கிற குவெரி, அதான் ஆயா, விவரம் கேட்டு அனுப்புற கேள்வி, போற வழியெல்லாம் பழசைப் பெருக்கிக்கிட்டே போச்சு. எல்லாரும் காத்துக்கிடந்தாங்க. இப்போ கொஞ்சம் பெருக்கினதும் நிறுத்துன்னு வெச்சிட்டோம். மீதியை மாத்தி எழுதுற குவெரி பாத்துக்கும்."

எனக்கு அந்தக் குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்டது. என் திமிரால் அந்தக் குழந்தை செத்துப்போயிருக்கும் என்று இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அவள்தான் இதை எழுதினாள். இழுப்பறையைத் திறந்த என் கைபோலவே, படிக்கும்போது என் பேச்சைத் திருத்த அவள் கையும் அரிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எங்க, படி கேக்கலாம். படிச்சிக்கினே என் பேச்ச திருத்தாத. மனசு கேக்கலன்னா நாலு எடத்துல திருத்து. அதோட உட்டுடு."